முட்டை மூச்சுவிடும் வழி

ஜூன் 3, செவ்வாய்

ஐந்தாம் நம்பர் இன்குபேட்டரில் இன்று பத்தொன்பதாயிரத்து இருநூறு முட்டை ஏற்றினோம். ஏற்றினோம் என்பது பேச்சுக்கு. ஏற்றியது கூலிக்கு வரும் அத்தாயி. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சூப்பர்வைசர் வேலை என்றால் அதுதான். இந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் இருபத்தாறு வருஷமாகத் தலையாட்டுகிறேன். முதலாளியின் மருமகன் நிதீஷ் மேனேஜராக வந்து நாலு மாதம் ஆகிறது. அவருக்கும் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கிறது.

காலையிலேயே எங்கள் தரம் பிரிக்கும் பெல்ட் நின்றுவிட்டது. நிதீஷ் வந்தார். "எக்ஸ்போர்ட் ஷெட்ல ஒரு பெல்ட் இருக்குதுல்ல சார், அதுல ஓட்டிடலாமே" என்றார். அது சாப்பாட்டு முட்டைக்கான பெல்ட். கப்பலில் வளைகுடாவுக்குப் போகும் வெள்ளை முட்டை கெடாமல் இருக்க அதன்மேல் எண்ணெய் தெளிப்பார்கள். வாசனையில்லாத, நிறமில்லாத எண்ணெய். குஞ்சு பொரிக்கும் முட்டைமேல் அது படவே கூடாது. எண்ணெய் வால்வை மூடிவிட்டால் அதுவும் சாதாரண பெல்ட்தான் என்று சொன்னேன். வால்வை நானே மூடினேன். நடுவில் போன் வந்தது. ஆனாலும் மூடினேன்.

முட்டையை வண்டியில் ஏற்றும்போது அத்தாயி, "சார், கைக்கு வழவழன்னு இருக்குதுங்க" என்றாள். குளிர் அறையிலிருந்து எடுத்த முட்டை வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும். இது தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது. "முட்டை வேர்க்கும்னு இருவது வருஷமா உனக்குத் தெரியாதா? ஏத்து" என்றேன். முந்தானையில் ஒன்றைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் ஏற்றினாள்.

ஏட்டில் வழக்கம்போல் எழுதினேன். ஏற்றியவர்: அத்தாயி. அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே நான்.

ஜூன் 4, புதன்

வெப்பம் 99.6. ஈரப்பதம் 54. சரி.

ஜூன் 6, வெள்ளி

புதிதாகச் சேர்ந்த நாலு பெண்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னார் நிதீஷ். பேச்சைக் கேட்க ஆள் கிடைத்தால் எனக்கும் கசக்காது.

ஊதுபத்தியைக் கொளுத்தி அறையின் மூலையில் வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் எதிர் மூலையில் நின்றவள் மூக்கைத் தூக்கினாள். "யாரு தள்ளிவிட்டா?" என்று கேட்டேன். யாரும் தள்ளவில்லை. வாசனையின் துகள்கள் கண்டபடி முட்டி மோதித் திரிகின்றன. நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து காலியாக இருக்கும் இடத்துக்குப் பரவிவிடுகின்றன. பரவல் என்பது இவ்வளவுதான். தண்ணீரில் போட்ட உப்பு கலக்காமலே கரைந்து பரவுவதும் இதுதான். நம் நெஞ்சுக்குள் போன காற்று ரத்தத்துக்குள் நுழைவதும் இதுதான்.

முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு இருபதாம் நாள் வரை நுரையீரல் வேலை செய்யாது. ஓட்டில் ஏறத்தாழப் பத்தாயிரம் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டி, சல்லடை மாதிரி ரத்தக் குழாய் பின்னிய ஒரு சவ்வு. வெளியே ஆக்சிஜன் அதிகம், உள்ளே குறைவு. அதனால் அது தானாக உள்ளே வருகிறது. உள்ளே சேரும் கரியமில வாயுவும் நீராவியும் தானாக வெளியே போகின்றன. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. குஞ்சு சும்மா இருந்தால் போதும்.

ஒருத்தி கேட்டாள்: "அப்ப அந்த ஓட்டையெல்லாம் அடச்சுக்கிட்டா என்னங்க சார் ஆகும்?"

பின்னால் நின்ற அத்தாயி என்னைப் பார்த்தாள். நான் ஊதுபத்தியை அணைத்துவிட்டு, கை கழுவுவது எப்படி என்ற பாடத்துக்குப் போனேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஏழாம் நாள். இருட்டறையில் முட்டைக்கு அடியில் விளக்குப் பிடித்துப் பார்க்கும் நாள். சிவப்பு நூல்கள் ஓடின. நடுவில் புள்ளி துடித்தது. உயிர் இருக்கிறது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. வயசாகிறது.

அத்தாயி ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "உசுரு இருக்குதுங்க. ஆனா மந்தமா இருக்குது. மூணாம் நம்பர் மெசின்ல அஞ்சாம் நாளே இந்த அளவுக்கு இருந்துதுங்க."

"உனக்கு எப்பவும் ஒரு குறை" என்றேன்.

அவளுக்கு விளக்கே வேண்டாம், கையில் எடுத்தாலே சொல்லிவிடுவாள் என்று இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாருமே சொல்வார்கள். இரண்டு பேர் கூடுதல் வசதி செய்து தருவதாக அவளைக் கூப்பிட்டுமிருக்கிறார்கள். போகவில்லை. போயிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

பத்தாம் நாள் எடை. உள்ளிருந்து நீராவி வெளியே போகப் போக முட்டையின் எடை குறைந்துகொண்டே வர வேண்டும். இந்நேரம் நூற்றுக்கு ஆறு பங்காவது குறைந்திருக்கும். இரண்டுகூடக் குறையவில்லை. தராசு பழையது. வேறு தராசில் போட்டேன். அதுவும் பழையதுதான்.

ஏட்டில் ஆறு என்று எழுதினேன். தராசுகளைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் பலாப்பழம் அறுத்தாள் கோகிலா. நான் பின்கட்டில் படுத்திருந்தேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அறுத்தாள். கதவிடுக்கு வழியாக வாசனை என்னிடம் வந்து சேர்ந்தது. நாலு சுளை தின்றேன். ருசிக்கவில்லை.

"ஏனுங்க, முகம் சுண்டிப்போய் இருக்குது?" என்றாள்.

"மேனேஜர் தொல்லை."

முப்பது வருஷமாக என் முகத்தைப் பார்ப்பவள். மறுபடி கேட்காமல் எழுந்து போனாள்.

ஜூன் 16, திங்கள்

செத்துவிட்டன.

பதின்மூன்றாம் நாள். விளக்குப் பிடித்தோம். நூல்கள் இல்லை. உள்ளே கறுத்துக் கிடக்கிறது. ஒரு ட்ரே, இன்னொரு ட்ரே, பத்து ட்ரே. முப்பது முட்டையை உடைத்துப் பார்த்தோம். இறகு முளைக்கத் தொடங்கிய குஞ்சுகள். கண் கறுத்திருந்தது. சின்ன வயதில் அதற்குக் கொஞ்சம் மூச்சுப் போதும். வந்தவரை வைத்து ஓட்டியிருக்கிறது. வளர வளர அதிகம் வேண்டும். வளர்ந்ததுதான் அதன் குற்றம்.

அத்தாயி உடைந்த ஓட்டின் ஒரு துண்டை விரலுக்கிடையில் தேய்த்தாள். என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

புகை போட்டபோது மருந்து அதிகமாகிவிட்டது என்பது நிதீஷின் கண்டுபிடிப்பு. முட்டைக்கு மருந்துப் புகை போடுவது அத்தாயி. அளந்துதான் போடுவாள்.

"சார், புகைனா எப்படி ஓட்டுக்குள்ள போகும்?" என்று என்னைக் கேட்டார். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வாங்கி, பேனாவிலிருந்து ஒரு சொட்டு நீல மையை விட்டேன். கலக்கவில்லை. முதலில் கீழே இறங்கி நூல் நூலாகப் பிரிந்தது. நாலு போன் பேசிவிட்டு அவர் திரும்பிப் பார்த்தபோது தம்ளர் முழுக்க நீலம். "சூப்பர் சார், இத மீட்டிங்ல காட்டலாம்" என்று படம் எடுத்துக்கொண்டார். அறிவுள்ள மனிதர்தான். யாராவது ஊட்டிவிட்டால் சாப்பிடுவார்.

மருந்து அதிகமாகியிருந்தால் ஏழாம் நாள் உயிரே இருந்திருக்காது. இது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அவர் கேட்டது புகை எப்படிப் போகும் என்பது மட்டும்தான்.

ஜூன் 18, புதன்

கால்நடை டாக்டர் ஒருவரை வரவழைத்தார்கள். வயதானவர், பேசாதவர். ஒரு முட்டையை எடுத்து, சாயத் தண்ணீரில் போட்டு எடுத்தார். நல்ல ஓட்டில் சாயம் துளைகளில் புகுந்து புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். இதில் மேல்பக்கம் பிடிக்கவே இல்லை, வாழையிலையில் தண்ணீர் ஓடுவதுபோல் ஓடிவிட்டது. ட்ரேயின் ஓரத்து முட்டை சிலதில் மட்டும் சாயம் பிடித்தது.

எடை ஏட்டைப் புரட்டினார். பத்தாம் நாள், ஆறு. முட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஏட்டை மூடி வைத்தார்.

"எண்ணெய். எங்கியோ எண்ணெய் பட்டிருக்குது" என்றார்.

ஜூன் 19, வியாழன்

நிதீஷ் அறையில் விசாரணை. அத்தாயியும் இருந்தாள். கேட்டதற்குச் சொன்னேன். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அத்தாயியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டீ நேரத்தில் எல்லாப் பெண்களையும் ஷெட்டு நிழலில் உட்காரவைத்து, அவளை மட்டும் வெயிலில் நிறுத்தினார் நிதீஷ். வழுக்குகிற முட்டையைத் தெரிந்தே ஏற்றிய பெண் என்று சொன்னார். இருபது வருஷ அனுபவம் இருந்தும் வாயைத் திறக்கவில்லை என்றார். வாய் திறந்தேன் என்று பொய் வேறு சொல்கிறாள் என்றார். பாடத்துக்கு உதாரணம் வேண்டும் அல்லவா?

அவள் அழவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டருகில் ஒரு தடவை நின்றாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டரில் ஒன்றும் இல்லை.

அப்புறம் நிதீஷ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க இல்லைனா எனக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காது சார்."

ஜூன் 24, செவ்வாய்

இருபத்தொன்றாம் நாள். செத்தது தெரிந்தாலும் விதி விதிதான், பொரிப்பறையைத் திறந்தே ஆகவேண்டும். பத்தொன்பதாயிரத்து இருநூறில் அறுபத்து மூன்று பொரிந்திருந்தன. எண்ணெய் எட்டாத ஓரத்து முட்டைகள். நல்ல நாளில் அந்த அறையில் பேச்சே கேட்காது, அவ்வளவு சத்தம் இருக்கும். இன்று தனித்தனியாகக் கேட்டது.

அறுபத்து மூன்றுக்கு எந்தப் பண்ணைக்காரரும் வண்டி அனுப்ப மாட்டார். கழித்துவிடுவதுதான் வழக்கம். கழிக்கச் சொன்னேன். கழித்தார்கள். அதற்குமேல் எழுத விருப்பமில்லை.

ஜூன் 26, வியாழன்

கோகிலா சந்தையில் அத்தாயியைப் பார்த்திருக்கிறாள். மூன்று பொரிப்பகத்தில் கேட்டாளாம். அவள் போவதற்கு முன்னாலேயே சேதி போய்விட்டது. முன்பு அவளைக் கூப்பிட்ட இரண்டு பேரும், கேட்டுக்கு வெளியிலேயே வைத்துப் பேசி அனுப்பினார்களாம். முட்டையைக் கொன்ற கை என்று பேராகிவிட்டது. இப்போது செங்கல் சூளைக்குப் போகிறாள்.

சாதம் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள் கோகிலா. "ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்களாமா?"

"யார் சொன்னது?"

"அவதான் சொன்னா. கோவமாக்கூடச் சொல்லலீங்க. 'சாருக்கு ஞாபக மறதி வந்திருச்சுக்கா, டாக்டர்கிட்டக் காட்டுங்க'ன்னா."

ரசத்தை ஊற்றாமலே எழுந்து போய்விட்டாள்.

பத்தொன்பதாம் தேதி நான் எழுதாததை இப்போது எழுதுகிறேன். நிதீஷ் அவளைக் கேட்டார், வழுக்கியது தெரியவில்லையா என்று. "தெரிஞ்சுதுங்க. சார்கிட்டச் சொன்னனுங்க. முட்டை வேர்வைன்னு சொன்னாருங்க" என்றாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படிச் சொன்னாங்களா சார்?" அவளும் என்னைப் பார்த்தாள். பயமே இல்லாமல் பார்த்தாள். நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை. அதைப் பார்த்துக்கொண்டே, "ஞாபகம் இல்லை" என்றேன்.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. வால்வும் ஞாபகம் இருக்கிறது. பெல்ட் நிதீஷின் யோசனை, அதனால் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. பாதி திருகியபோது போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு, மூடியாயிற்று என்று நினைத்துப் பெல்ட்டை ஓட்டினேன். பாதி திறந்த வால்வும் தெளிக்கும். நான் செய்த தப்புக்குப் பேர் மறதி. அதை யாராக இருந்தாலும் மன்னிப்பார்கள். ஞாபகம் இல்லை என்று சொன்னது மறதி இல்லை.

ஜூன் 28, சனி

முதலாளியைப் பார்க்கப் போனேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, வேர்வை, எடை ஏடு, விசாரணை. உட்காரச் சொன்னார்.

"ஏப்பா அர்த்தநாரி, இத எதுக்கு இப்ப எங்கிட்டச் சொல்ற?"

"அத்தாயியத் திரும்ப எடுக்கணுங்க."

சிரித்தார். "குஞ்சு கேட்டிருந்த பார்ட்டிக்கெல்லாம் நானே போன் போட்டு, தப்புப் பண்ணின பொம்பளைய நிறுத்தியாச்சுன்னு சொல்லியிருக்கேன். கூலிக்கு வந்த பொம்பள தப்புப் பண்ணினா, அது அவ தப்பு. நீ பண்ணினா அது கம்பெனி தப்பு. சூப்பர்வைசரே இப்படின்னா அப்புறம் எவன் நம்மகிட்ட வருவான்? மாப்பிள்ள பேரும் கெடும்." எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "உனக்கு மனசு சுத்தம். அது போதும். போய் வேலையப் பாரு."

சுத்தமாம். வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு லேசாக இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

அத்தாயி வீட்டுக்குப் போனேன். செங்கல் தூசி தலையில் அப்படியே இருந்தது. குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். "வாங்க சார்" என்றாள். நாற்காலி போட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அத்தாயி. தப்பு என்மேலன்னு சொல்லிட்டேன்."

"எங்க வச்சுச் சொன்னீங்க?"

"அவர் ரூம்ல."

"கதவு தொறந்திருந்துதுங்களா?"

நான் அவள் எடுத்து வைத்திருந்த தண்ணீரைப் பார்த்தேன்.

"என்னைய வெயில்ல நிறுத்தில்லைங்களா சொன்னாங்க. முப்பத்திரண்டு பேரு பார்த்தாங்க. அதுல எங்க நாத்தனாரு மக இருக்கறா. எம் மவனுக்குப் பொண்ணு பேசியிருக்கற வீட்டுக்காரங்க ரெண்டு பேரு இருக்கறாங்க." குரலை உயர்த்தவில்லை. "வேல போனாப் போவுதுங்க சார், சூளையில கல்லுத் தூக்கிக்கறேன். எங் கைக்கு ஒரு பேரு இருந்துது. அத நீங்க ரூமுக்குள்ள திருப்பிக் குடுத்தா, அது ரூமுக்குள்ளயேதான் கெடக்கும்."

"என்ன பண்ணணும்கற?"

"நாளைக்கு டீ நேரத்துல, அதே எடத்துல நின்னு சொல்லுங்க. எங்கிட்ட அத்தாயி சொன்னா, நாந்தான் கேக்கலைன்னு. அவ்வளவுதான். என்னைய உள்ள விடமாட்டாங்க. வேலிக்கு வெளிய நின்னு கேட்டுக்கறேன்."

சொல்கிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். வேண்டாம் என்று அவள் கையைத் தடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கோகிலாவிடம் சொன்னேன். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

பத்தரைக்கு மணி அடித்தார்கள். ஷெட்டு நிழலில் முப்பத்திரண்டு பேரும் டம்ளரோடு உட்கார்ந்தார்கள். நிதீஷ் தன் அறை வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், ரோட்டோரத்தில் அத்தாயி நின்றாள். எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். சூளைக்கு லீவு போட்டிருப்பாள்.

அவளை வெயிலில் நிறுத்திய அதே இடத்தில் போய் நின்றேன். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். பேச்சு நின்றது. நிதீஷ் போனிலிருந்து தலை தூக்கி, என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"நாளையிலிருந்து ட்ரேயெல்லாம் கழுவி, வெயில்ல நல்லாக் காயவெச்சுட்டுத்தான் உள்ள கொண்டு வரணும்" என்றேன்.

"சரிங்க சார்" என்றார்கள்.

வேலிப் பக்கம் நான் திரும்பவில்லை.